விமானப் பணி: புன்னகை மட்டும் போதாது

அழகான சீருடை, ஊர் ஊராகச் சுற்றும் வாய்ப்பு, கையில் சொந்தச் சம்பளம். இந்தக் கனவோடு வரும் இளைஞர்களுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது தீயை அணைக்க. காபி ஊற்றுவதெல்லாம் பிறகுதான்.

2024 அக்டோபர் 11, மாலை நேரம். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே 140க்கும் மேற்பட்டோர். எரிபொருளைக் குறைப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது. கீழே விமான நிலையத்தில் ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் தயாராக நின்றன. தமிழகமே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தது. இரவு 8 மணிக்குச் சற்றுப் பிறகு விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

மறுநாள் பேச்செல்லாம் விமானியைப் பற்றி. அது நியாயம்தான். ஆனால் அப்படிப்பட்ட ஒரு மாலைப் பொழுதில் விமானி அறையின் கதவுக்கு இந்தப் பக்கம் நடப்பது வேறொரு வேலை. எழுந்து நிற்பவரை உட்கார வைக்க வேண்டும். குழந்தையோடு வந்தவருக்கு அவசரக் கதவு எங்கே என்று சொல்லிவைக்க வேண்டும். கதவருகே உட்கார்ந்திருப்பவருக்குத் தைரியம் உண்டா, தேவைப்பட்டால் உதவுவாரா என்று கணக்குப் போட வேண்டும். இத்தனையையும் தன் முகத்தில் கவலையின் சாயல் இல்லாமல் செய்ய வேண்டும். அந்த முகத்தைத்தான் பயணிகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விமானப் பணிப்பெண் சிரிக்கிறாரா இல்லையா என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே செய்தி.

'ஏர் ஹோஸ்டஸ்' என்ற பழைய பெயர் மெல்ல மறைந்து 'கேபின் க்ரூ' என்ற பெயர் வந்துவிட்டது. ஆண்களும் இந்தப் பணியில் உண்டு. ஆனால் பொதுமக்களின் மனதில் பழைய படம் மாறவில்லை: ஒரு பெண், ஒரு தட்டு, ஒரு புன்னகை. அந்தப் படத்தை நம்பி வேலைக்கு வருபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

நர்ஸ்களிடமிருந்து தொடங்கியது

இந்த வேலை பிறந்ததே பயத்தைப் போக்குவதற்காக. அமெரிக்காவில் எலன் சர்ச் என்ற நர்ஸ் விமானம் ஓட்டவும் கற்றவர். விமானி வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. நர்ஸ்களைப் பயணிகளோடு அனுப்பலாமே என்ற யோசனையை அவர் சொன்னார். போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் சம்மதித்தது. 1930 மே 15 அன்று அவர் உலகின் முதல் விமானப் பணிப்பெண்ணாகப் பறந்தார். ஒரு பெண்ணே பயமில்லாமல் பறக்கும்போது நாம் பயப்படலாமா என்று ஆண் பயணிகள் நினைப்பார்கள் என்பதும் கணக்கில் இருந்தது.

நர்ஸாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நாளடைவில் மறைந்தது. அழகாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு தங்கிவிட்டது. அதன் விலையை இந்தியப் பெண்கள் நீதிமன்றம் வரை சென்று கொடுக்க வேண்டியிருந்தது.

உள்ளே நுழைவது எப்படி?

காகிதத்தில் பார்த்தால் தகுதிகள் எளியவை. பிளஸ் டூ தேர்ச்சி. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். புதியவர்களுக்கு இந்திய நிறுவனங்கள் பொதுவாக 27 வயது வரை பார்க்கின்றன. பெண்களுக்கு ஏறக்குறைய 155 சென்டிமீட்டர் உயரம். ஆங்கிலமும் இந்தியும் சரளமாக வர வேண்டும். சீருடைக்கு வெளியே தெரியும் இடத்தில் பச்சை குத்தியிருக்கக் கூடாது. பாஸ்போர்ட் வேண்டும்.

உயரம் கேட்பது அழகுக்காக அல்ல. தீயணைப்பான், ஆக்சிஜன் சிலிண்டர், ஒலிபெருக்கி போன்றவை பெரும்பாலும் தலைக்கு மேலே உள்ள பெட்டிகளில் இருக்கின்றன. புகை சூழ்ந்த நேரத்தில் ஸ்டூலைத் தேட முடியாது. துபாயின் எமிரேட்ஸ் நிறுவனம் நுனிக்காலில் நின்று 212 சென்டிமீட்டர் உயரத்தைக் கையால் தொட முடிகிறதா என்று அளந்தே பார்க்கிறது.

ஆள் எடுப்பு பெரும்பாலும் 'வாக்-இன்' முறையில், பெரிய நகரங்களின் ஹோட்டல்களில் நடக்கிறது. காலையில் வரிசை. உயரமும் எடையும் பார்த்து ஒரு பகுதியினரை அனுப்பிவிடுவார்கள். மிச்சமிருப்பவர்கள் குழு விவாதம், நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று படியேற வேண்டும். குழு விவாதத்தில் அதிகம் பேசுபவர் ஜெயிப்பதில்லை. மற்றவர் பேச்சை வெட்டாமல் தன் கருத்தைச் சொல்பவரைத்தான் தேடுகிறார்கள். நாளைக்கு ஒரு குடிகாரப் பயணியிடம் பேசப்போவது அந்த வாய்தானே.

இந்த இடத்தில்தான் பெற்றோர்களின் பணம் கரைகிறது. 'ஏர் ஹோஸ்டஸ் பயிற்சி' என்ற பலகையை இப்போது நடுத்தர ஊர்களிலும் பார்க்கலாம். கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டுவது சாதாரணம். நடை, உடை, ஒப்பனை, ஆங்கிலம் ஆகியவை சொல்லித்தரப்படுகின்றன. சிறிய ஊரிலிருந்து வரும் பெண்ணுக்குக் கூச்சம் போக இது உதவலாம். ஆனால் விண்ணப்பிப்பதற்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. தேர்வு செய்தவர்களுக்கு விமான நிறுவனமே, சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வின் விதிப்படி பயிற்சி தருகிறது. 'வேலை உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்பவரிடம், எந்த நிறுவனத்தின் உத்தரவாதம் என்று ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பது நல்லது.

90 விநாடிக்காக மூன்று மாதம்

தேர்வானவுடன் சுமார் மூன்று மாதப் பயிற்சி. இங்கேதான் பலருக்கு முதல் அதிர்ச்சி. முகத்தில் புகைக்கவசத்தை மாட்டிக்கொண்டு தீயை அணைக்க வேண்டும். நீச்சல் குளத்தில் குதித்து ரப்பர் படகில் ஏற வேண்டும், மற்றவர்களையும் ஏற்ற வேண்டும். நின்றுபோன இதயத்தை அழுத்தி இயக்கவும், நடுவானில் பிரசவம் பார்க்கவும், வெடிகுண்டு என்று சந்தேகப்படும் பையைக் கையாளவும் கற்க வேண்டும். பரீட்சையில் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தேறினாலும் விடுதலை இல்லை; வருடம்தோறும் திரும்பப் பயிற்சி, திரும்பப் பரீட்சை.

இத்தனைக்கும் மையமாக ஓர் எண் இருக்கிறது: 90 விநாடி. ஒரு புதிய ரகப் பயணிகள் விமானத்துக்கு அனுமதி வாங்க வேண்டுமானால், நிறைந்த விமானத்தைப் பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடியில் காலி செய்ய முடியும் என்று தயாரிப்பாளர் நிரூபிக்க வேண்டும். விமானத்தில் பணிக்குழுவினர் எத்தனை பேர் என்பதும் இதிலிருந்து வருவதுதான். 50 இருக்கைக்கு ஒருவராவது இருந்தாக வேண்டும். சாப்பாடு வேகமாக வர வேண்டும் என்பதற்காகப் போட்ட கணக்கல்ல அது.

பயணிகளுக்குத் தொந்தரவாகத் தெரியும் பல விஷயங்களின் காரணமும் இதுதான். இறங்கும்போது ஜன்னல் மறைப்பைத் திறக்கச் சொல்வது, வெளியே தீ இருந்தால் எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக. இரவில் விளக்கை மங்கலாக்குவது, வெளியே இருட்டில் ஓட வேண்டி வந்தால் கண் முன்கூட்டியே பழகியிருப்பதற்காக. விமானம் ஓடுபாதையில் வேகமெடுக்கும்போது, கதவருகே மடக்கு இருக்கையில் பெல்ட் கட்டி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பணிப்பெண் ஓய்வெடுக்கவில்லை. எந்தக் கதவு, என்ன கட்டளை, யாரை முதலில் இறக்குவது என்று மனதுக்குள் ஓர் ஒத்திகை நடந்துகொண்டிருக்கும். ஏறும்போது முதல் மூன்று நிமிடமும், இறங்கும்போது கடைசி எட்டு நிமிடமும்தான் மிக ஆபத்தானவை என்பது இத்துறையின் பாலபாடம்.

பாடம் பலித்ததற்கு அண்மைய உதாரணம் டோக்கியோ. 2024 ஜனவரி 2 அன்று ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம், ஓடுபாதையில் நின்ற கடலோரக் காவல்படை விமானத்தின் மீது மோதித் தீப்பற்றியது. உள்ளே 379 பேர். அறிவிப்புக் கருவி வேலை செய்யவில்லை. எட்டுக் கதவுகளில் மூன்றை மட்டுமே பயன்படுத்த முடிந்தது. பணிக்குழுவினர் கைஒலிபெருக்கியாலும் வெறும் தொண்டையாலும் கத்தி அனைவரையும் வெளியே கொண்டுவந்தார்கள். அந்த விமானத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை. விமானம் எரிந்து எலும்புக்கூடானது.

ஊட்டி உயரத்தில் ஓட்டமும் நடையும்

சாதாரண நாளின் வேலை எப்படி? உள்நாட்டு விமானங்களில் ஒரே நாளில் மூன்று, நான்கு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும். அதிகாலை 5 மணி விமானம் என்றால் நள்ளிரவு தாண்டியதும் எழுந்து, தலைவாரி, ஒப்பனை முடித்து, வாசலில் வரும் வண்டிக்காகக் காத்திருக்க வேண்டும். புறப்படும் முன் மூச்சுப் பரிசோதனை. மது வாடை தெரிந்தால் முதல் தடவையே மூன்று மாதம் பறக்க முடியாது. மது கலந்த மவுத்வாஷைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 2023இல் டி.ஜி.சி.ஏ. சொல்லிவிட்டது.

மேலே போன பிறகு உடம்பு வேறு விதமாக நடந்துகொள்ளும். விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குச் சமம். அதாவது ஏறக்குறைய ஊட்டியில் நின்றுகொண்டு, கனமான தள்ளுவண்டியைச் சரிவான தரையில் தள்ளுவது போல. காற்றின் ஈரப்பதம் பாலைவனத்தைவிடக் குறைவு. தோலும் தொண்டையும் வறளும். நீண்ட தூரப் பயணங்களில் தூக்கம், பசி, மாதவிடாய் எல்லாம் தடம் மாறும். வானிலிருந்து வரும் கதிர்வீச்சும் உண்டு. விமானப் பணியாளர்கள் தொழில் காரணமாகக் கதிர்வீச்சுக்கு உள்ளாகிறவர்கள் என்று சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 1990இலேயே ஒப்புக்கொண்டது. விமானம் திடீரெனக் குலுங்கும்போது பெல்ட் கட்டாமல் நிற்பவர் பெரும்பாலும் இவர்தான். அதனால் அடிபடுகிறவரும் இவர்தான். 2018 அக்டோபரில் மும்பையில், நின்றுகொண்டிருந்த போயிங் 777 விமானத்தின் கதவை மூட முயன்ற பணிப்பெண் ஒருவர் கீழே விழுந்து படுகாயமடைந்தார்.

போதாக்குறைக்குப் பயணிகள். 2022 டிசம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து டெல்லி வந்த இண்டிகோ விமானத்தில், உணவு பற்றிய தகராறில் குரலை உயர்த்திய பயணியிடம், தான் நிறுவனத்தின் ஊழியர், அவருடைய வேலைக்காரி அல்ல என்று ஒரு பணிப்பெண் பதிலடி கொடுத்தார். அந்த வீடியோ நாடெங்கும் பரவியது. பலர் அவர் பக்கம் நின்றார்கள். பயணியிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். ரகளை செய்பவர்களை மூன்று மாதத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் வரை பறக்கவிடாமல் தடுக்க 2017இலேயே விதி வந்துவிட்டது. ஆனால் 35,000 அடி உயரத்தில் போலீஸ் இல்லை. விதியை அமல்படுத்த வேண்டியவர் கையில் தட்டோடு நிற்கும் 22 வயதுப் பெண்.

35 வயதில் 'கிழவி'

இந்த வேலையில் பெண்களுக்கு இன்றைக்கு இருக்கும் உரிமைகள் யாரும் தானமாகக் கொடுத்தவை அல்ல. 1970களில் ஏர் இந்தியாவின் விதி இப்படி இருந்தது: பணிப்பெண் 35 வயதில் ஓய்வு பெற வேண்டும். வேலையில் சேர்ந்து நான்கு வருடத்துக்குள் திருமணம் செய்தால், அல்லது முதல் முறை கருவுற்றால், அதற்கு முன்பே வெளியேற வேண்டும். அதே விமானத்தில் வேலை பார்த்த ஆண்களுக்கு ஓய்வு வயது 58.

நர்கேஷ் மீர்சாவும் சக பணிப்பெண்களும் வழக்குத் தொடுத்தார்கள். 1981 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவுற்றதற்காக வேலையைப் பறிப்பது இந்தியப் பெண்மைக்கே அவமதிப்பு என்று கண்டித்து அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. 35 வயதுக்குப் பிறகு பதவி நீட்டிப்பு நிர்வாக இயக்குநரின் விருப்பத்தைப் பொறுத்தது என்ற பிரிவும் செல்லாது என்றது. ஆனால் நான்கு வருடத் திருமணத் தடையை ஏற்றுக்கொண்டது. ஆண்களும் பெண்களும் வெவ்வேறு பிரிவினர், ஒப்பிட முடியாது என்றும் சொன்னது. பாதி வெற்றி.

மீதிப் பாதிக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின. பல சுற்று வழக்குகளுக்குப் பிறகே ஆண்களைப் போல 58 வயது வரை பறக்க வழி பிறந்தது. விமானத்துக்குள் மேற்பார்வையாளர் பதவி ஆண்களுக்கு மட்டுமே என்ற வழக்கத்தை 2005இல் ஏர் இந்தியா கைவிட்டது. ஆண் ஊழியர்கள் சிலர் எதிர்த்தார்கள். 2011 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது.

வயது போய் எடை வந்தது. எடை கூடியவர்களைப் பறக்கவிடாமல் நிறுத்தியது சரியே என்று 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. அடுத்த ஜனவரியில் அதே காரணத்துக்காகச் சில பணிப்பெண்களை ஏர் இந்தியா வேலையிலிருந்தே நீக்கியது. உடல்தகுதி தேவை என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. குறுகலான அவசரக் கதவில் ஆளைத் தூக்கிவிட வேண்டியவருக்கு வலு வேண்டும். ஆனால் தராசு காட்டும் எண் வலுவின் அளவா, விளம்பரப் படத்தின் அளவா என்பதுதான் கேள்வி.

சம்பளம் பறந்தால்தான்

சேர்ந்தவுடன் கிடைக்கும் சம்பளம் அதே வயதில் வேறு பட்டதாரிகள் வாங்குவதைவிடப் பல சமயம் அதிகம். அதில் ஒரு சூட்சுமம் உண்டு. நிலையான பகுதி ஒன்று. பறந்த நேரத்துக்கும் வெளியூரில் தங்கியதற்கும் சேரும் படிகள் மற்றொன்று. விமானம் பறக்காவிட்டால் இரண்டாவது பகுதி இல்லை. 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டு விமானங்கள் நின்றபோது பலர் இதை அனுபவித்து உணர்ந்தார்கள்.

நிறுவனமே நின்றுவிடுவதும் உண்டு. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரிலும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மேயிலும் பறப்பதை நிறுத்தின. ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் சீருடையைக் கழற்றினார்கள். 30 வயதைத் தாண்டியவருக்கு, புதியவர்களை விரும்பும் இத்துறையில் இன்னொரு கதவு திறப்பது எளிதல்ல. 2024 மே மாதத்தில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் பணியாளர்கள் பெருமளவில் ஒரே நேரத்தில் உடல்நலக் குறைவு என்று விடுப்பெடுத்தார்கள். பல விமானங்கள் ரத்தாயின. 25 பேரை நிர்வாகம் நீக்கியது. தொழிலாளர் ஆணையர் முன்னிலையில் பேச்சு நடந்த பிறகு அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. இணைப்பின்போது சம்பளமும் பணி நிபந்தனைகளும் என்னவாகும் என்ற பயமே சச்சரவின் அடியில் இருந்தது. புன்னகைப்பவர்களுக்கும் தொழிற்சங்கம் தேவைப்படுகிறது.

அந்த ஒரு நாள்

பெரும்பாலான பணியாளர்கள் தங்கள் தீயணைப்புப் பயிற்சியை ஒருமுறைகூடப் பயன்படுத்தாமல் ஓய்வு பெறுகிறார்கள். சிலருக்கு அந்த ஒரு நாள் வந்துவிடுகிறது.

1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் பான் ஆம் விமானத்துக்குள் துப்பாக்கிகளோடு நான்கு பேர் ஏறினார்கள். மும்பையிலிருந்து வந்த அந்த விமானத்தின் மூத்த பணிப்பெண் நீர்ஜா பனோட். அவர் கொடுத்த எச்சரிக்கையால் விமானிகள் மேல்வழியாகத் தப்பினார்கள். விமானத்தைக் கிளப்ப ஆளில்லாமல் போனது. அமெரிக்கர்களைத் தேடிப்பிடிக்க நினைத்த கடத்தல்காரர்களிடம் சிக்காமல் அவர்களுடைய பாஸ்போர்ட்டுகளை அவரும் சக பணியாளர்களும் மறைத்தார்கள். பல மணி நேரத்துக்குப் பின் துப்பாக்கிச் சூடு தொடங்கியதும் கதவைத் திறந்து பயணிகளை வெளியேற்றினார். முதல் ஆளாக அவரே குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. 23ஆவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குண்டுபட்டு இறந்தார். அசோக சக்ரா விருது பெற்ற முதல் பெண் அவர்தான்.

2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விழுந்து 158 பேர் இறந்தபோது பணிக்குழுவில் ஒருவரும் மிஞ்சவில்லை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டி விமானம் பிளந்தபோது விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தார்கள். பணிக்குழுவினர் நால்வரும் பிழைத்தார்கள். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 கிளம்பிய சில விநாடிகளில் விழுந்தது. உள்ளே இருந்த 242 பேரில் ஒருவர் மட்டுமே தப்பினார். பணிக்குழுவினர் பத்துப் பேர் அதில் இறந்தார்கள். 90 விநாடி அவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

இதற்குப் பிறகும் வாக்-இன் வரிசைகளில் கூட்டம் குறைவதாகத் தெரியவில்லை. காரணம் புரியாததல்ல. பிளஸ் டூ படித்த ஒரு பெண், சிபாரிசு இல்லாமல், சொந்த முயற்சியில் வீட்டைவிட்டு வெளியே வந்து, தன் சம்பளத்தில் தம்பியைப் படிக்க வைக்க வழிவிடும் வேலைகள் நம் நாட்டில் அதிகம் இல்லை. வருகிறவர்கள் வரட்டும். ஆனால் விளம்பரத்தில் இருக்கும் புன்னகைக்காக மட்டும் வர வேண்டாம். பறக்காத மாதத்தில் என்ன சம்பளம், ஒப்பந்தம் எத்தனை வருடம், முதுகு வலிக்கிற வயதில் தரையில் வேலை உண்டா என்று கையெழுத்திடும் முன் கேட்டுவிட்டு வர வேண்டும்.

பயணிகளுக்கும் ஒரு கடமை பாக்கி. விமானம் நகரத் தொடங்கும்போது ஒருவர் நடைபாதையில் நின்று, இரு கைகளையும் நீட்டிக் கதவுகளைக் காட்டுவார். அநேகமாக யாரும் பார்ப்பதில்லை. அவர் காட்டுவது, தேவைப்பட்டால் நம்மைத் தள்ளியாவது வெளியேற்றப் போகும் வழியை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கதவு எத்தனையாவது வரிசையில் இருக்கிறது என்று எண்ணிக்கொள்வது, அவருடைய வேலையில் பாதியைக் குறைக்கும்.